கரைச் சாலைக்குக் கீழே உள்வாங்கும் மடைக்குழாய்: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்வி, 09.06.2024

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருக்கிறது. கண்மாய்க் கரையின் மேலேயே தார்ச்சாலை போகிறது. அந்தச் சாலைக்கு அடியில் மடைத் தண்ணீர் வயலுக்குப் போகும் குழாய்ப்பாலம் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் குழாய்க்கு நேர்மேலே சாலை ஒரு முழம் இறங்கியது. ஜல்லியும் கிராவலும் கொட்டி நிரவினோம். இப்போது தண்ணீரே இல்லாத காலத்தில் மறுபடி இறங்குகிறது. பக்கத்தில் துளை போட்டுச் சிமெண்ட் பாலை ஊற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். அதற்கு ஊரில் பணம் திரட்டலாமா, அல்லது அரசு நிதி ஏதாவது கிடைக்குமா? எங்கே போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.

பதில், 10.06.2024

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எது கெட்டிருக்கிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்கள் மனுவில் "குழாய் உடைந்துவிட்டது" என்று எழுதிவிடுகின்றன. அலுவலர் வந்து பார்த்துக் குழாய் முழுசாக இருப்பதைக் கண்டால், அந்த மனு அங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டது குழாய் அல்ல, குழாயைச் சுற்றியிருக்கும் மண்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே உள்ள எங்கள் ஊர்க் கண்மாயிலும் இதே நோய்தான். போன வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடந்தபோது நானும் மடையைத் திறந்து மூடும் எங்கள் நீர்பாய்ச்சியும் இறங்கி, டார்ச் விளக்கைக் குழாயின் உள்வாய்க்குப் பிடித்துப் பார்த்தோம். குழாயின் உள்புறம் சுத்தமாக இருந்தது. ஆனால் குழாயின் அடிவயிற்றுக்கும் களிமண்ணுக்கும் இடையே என் கை முழங்கை வரை தடையில்லாமல் போனது. உள்ளே சீமைக்கருவேல வேர் மயிர்போலத் தொங்கியது, நண்டு ஓடுகள் கிடந்தன, நுண்மணல் வரிவரியாகப் படிந்திருந்தது. தண்ணீர் குழாய்க்குள் போகவேண்டிய அளவுக்குப் போய்விட்டு, மீதி குழாய்க்கு வெளியே தனக்கென ஒரு பாதை அமைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த மணல் வரிகளே சாட்சி.

நடப்பது இதுதான். கரைக்குள் குழாய் பதிக்கும்போது அதன் இரு பக்கமும் அடியிலும் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, இடித்து இறுக்க வேண்டும். குழாயின் வளைவுக்குக் கீழே இடிகட்டை போகாது என்பதால் அங்கே எப்போதும் மண் தளர்வாகவே நின்றுவிடுகிறது. கண்மாய் நிறையும்போது நீரின் அழுத்தம் அந்தத் தளர்வைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. முதலில் கசிகிறது, பிறகு கசிவு மண்ணைக் கூடவே இழுத்துப் போகிறது, உள்ளே பொந்து விழுகிறது, பொந்தின் கூரை இறங்கும்போதுதான் சாலையில் பள்ளமாக நமக்குத் தெரிகிறது. ஆகவே நீங்கள் மேலே கொட்டிய ஜல்லி பொந்துக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் இல்லாத காலத்திலும் இறங்குவதற்கு மேலே போகும் வண்டிகளே போதும்.

11.06.2024

சிமெண்ட் பால் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. பொந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அறியாமல் ஊற்றினால், பால் எளிதான வழியில் ஓடி ஓரிடத்தில் கட்டியாகிவிடும், அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கட்டியின் ஓரமாகவே புது வழி பிடிக்கும். அதற்கு ஊர்ப்பணத்தைச் செலவிட வேண்டாம்.

அதைவிட முதலில் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. கரையில் குழாய்க்கு அருகிலிருந்து சுண்டைக்காய் அளவு மண்கட்டி ஒன்றை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் மழைநீரோ சுத்திகரித்த குடிநீரோ ஊற்றி, கலக்காமல் மெல்ல உள்ளே விடுங்கள். கட்டி சரிந்து குவியலாக உட்கார்ந்து நீர் தெளிவாகவே இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் புகைபோலக் கலங்கல் பரவி நெடுநேரம் தெளியாமலே நின்றால், அந்த மண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது, அது நீரில் தானாகவே கரைந்து பிரியும் மண் என்று பொருள். கடலோரத்தில் இது அடிக்கடி நிகழ்வதுதான். ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் சோதித்தால் இந்தக் குணம் வெளியே தெரியாது, உப்பு கலங்கலை அடக்கிவிடும். மழை நல்லதண்ணீராகப் பெய்து கண்மாய் நிரம்பும்போதுதான் அதன் வேலை தொடங்குகிறது. இதனை அறிந்து வைத்துக்கொண்டால், பின்னால் பொறியாளரிடம் வேறு இடத்துக் களிமண் வேண்டும் என்று காரணத்தோடு கேட்கலாம்.

19.06.2024

"யாரிடம் கேட்பது" என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர் இதில்தான் பல ஆண்டுகளை இழந்தது.

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. சாலை யாருடையது என்பது தனிக் கணக்கு. எங்கள் கரையின் மேல் போகும் சாலை ஊரிலிருந்து கடற்கரைக் குடியிருப்புக்குப் போவது. சாலைக்காரர்களிடம் போனால் "இது மடை, கண்மாயைப் பார்ப்பவர்களிடம் போங்கள்" என்றார்கள். கண்மாயைப் பார்ப்பவர்கள் "பாலம் சாலையைச் சேர்ந்தது" என்றார்கள். இரண்டு பதில்களும் எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். எழுத்தில் இல்லாத பதிலை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையைக் காட்டும் 'அ' பதிவேட்டின் நகலும் புலப்படமும் வாங்குங்கள். கரை எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அது 'கண்மாய்ப் புறம்போக்கு' என்று இருக்கிறதா, 'பாதை' என்று உட்பிரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊரில் கரை முழுவதும் கண்மாய்ப் புறம்போக்காகவே இருந்தது, சாலைக்கு என்று தனி உட்பிரிவே இல்லை. அதன் பிறகு, அந்தக் குழாயைக் கடைசியாகப் பதித்தது எந்த அலுவலகம், எந்த நிதியில், செய்த வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்த அன்றிலிருந்து எங்களை வேறு கதவுக்கு அனுப்புவது நின்றது. குழாயைப் பதித்தவர்கள் யார் என்பது அவர்கள் தாளிலேயே இருந்தது.

02.07.2024

கீழே பின்னூட்டத்தில் ஒருவர், "பத்து விழுக்காடு ஊர் கட்டினால் மீதி அரசு தரும்" என்று எழுதியிருக்கிறார். அது 2016-17-இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தின் கணக்கு. அதில் ஆயக்கட்டுதாரர் சங்கம் தன் பங்கான 10 விழுக்காட்டைப் பணமாகவோ, உழைப்பாகவோ, பொருளாகவோ தரலாம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 'நமக்கு நாமே' திட்டத்துக்கு மனு எழுதினால் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் அதில் பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. பத்து லட்ச ரூபாய் வேலை என்றால் மூன்று லட்சத்து முப்பத்து மூன்றாயிரத்துக்கு மேல் ஊர் முதலில் கட்ட வேண்டும்.

நூறு நாள் வேலையில் இதைச் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் திட்டத்தில் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்பது விகிதம். மடைப்பாலம் முழுக்கப் பொருளும் கொத்தனார் வேலையும் ஆனது, ஆகவே தனித்து நின்றால் அந்த விகிதத்துக்குள் அடங்காது. ஆனால் கரையைப் பலப்படுத்துவது, வரத்துக்கால் வெட்டுவது, கண்மாய்க்குள் உள்ள சீமைக்கருவேலை வேரோடு எடுப்பது ஆகியவற்றுக்கு அது பொருந்தும். எனவே மண்வேலையை ஒரு நிதியிலும் கட்டுமானத்தை வேறு நிதியிலும் கேட்பது நடைமுறைக்கு ஒத்தது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் தொகுதியில் எத்தனை ஊர்கள் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். எம்.பி. நிதியின் அடிப்படை நோக்கம் நீடித்து நிற்கும் பொதுச் சொத்துகளை உருவாக்குவது. ஆகவே மனுவில் 'மராமத்து' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் பராமரிப்புச் செலவாகப் பார்க்கப்பட்டு ஒதுக்கப்படலாம். பழையதை முழுவதும் அகற்றிவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் உங்கள் தேவை என்றால், அதை அப்படியே எழுதுங்கள்.

நிபந்தனை இதுதான். பணம் நான்கு இடத்திலிருந்து வரட்டும், வேலை ஒரே கையில் இருக்க வேண்டும். கரைக்கு ஒரு ஒப்பந்தக்காரர், பாலத்துக்கு இன்னொருவர், மேலே தார் போட மூன்றாமவர் என்று பிரித்தால், கரையும் பாலமும் சேரும் அந்த ஒரு முழ இடத்துக்கு எவரும் பொறுப்பில்லை. கண்மாய் உடைவது அந்த ஒரு முழத்தில்தான்.

21.07.2024

"கண்மாயைப் பராமரிப்பது அரசின் கடமை. ஊர் ஏன் பணம் போட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வரி கட்டுபவர்கள் நாம். ஆனாலும் இந்த மாவட்டத்தில் கண்மாய்கள் நிலைத்தது வெறும் உத்தரவால் அல்ல. கரை உடைப்பெடுக்கும் நேரத்தில் ஊரார் உழைப்புத் தர வேண்டும் என்று ஆங்கிலேயர் 1858-இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டார்கள். அதற்கு முன்பே வழக்கமாக இருந்ததைத்தான் அவர்கள் சட்டமாக எழுதினார்கள். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இன்றும் சொல்கிறோம். ஒரு கண்மாயின் பெருமையை அதன் பரப்பைக் கொண்டு மட்டும் சொல்லாமல் மடைகளைக் கொண்டும் சொன்னவர்கள், மடை ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்துப் பார்த்தவர்கள்.

எங்கள் ஊரில் பங்குத்தொகைக் கூட்டம் நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கும் இதே சிக்கல் வரும்.

கரைக்கு மேற்கே விவசாயிகள், கிழக்கே கடலோரத்தில் மீனவர் குடியிருப்பு. மடை விவசாயிகளுக்கு, சாலை மீனவர்களுக்கு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடலாம் என்று பேச்சு எடுத்ததும் வயல் இருப்பவர்கள், "ஐஸ் லாரியும் மீன் வண்டியும் போய்த்தானே குழாய் அமிழ்ந்தது, அவர்கள்தான் தர வேண்டும்" என்றார்கள். கருவாடு விற்கும் ஓர் ஆத்தா எழுந்து, "மடைய வச்சு நாங்க என்னத்தச் செய்ய? பாதைக்குன்னா தாரோம், மடைக்குன்னா ஒத்த ரூபா தர மாட்டோம்" என்றார். இருவர் சொன்னதும் பொய்யில்லை. வண்டியின் பாரம் குழாயின் இணைப்புகளை விலக்கியது, விலகிய இணைப்பு வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து மண்ணை இழுத்தது, மண் போனதும் பாரத்தைத் தாங்க எதுவும் இல்லாமல் குழாய் மேலும் அமிழ்ந்தது. சாலைக்கு ஒரு கெடுதல், மடைக்கு ஒரு கெடுதல் என்று பிரித்துச் சொல்ல இதில் இடமே இல்லை.

அன்று கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பிறகு இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் குழாய்க்கு அருகே அழைத்துப் போய், அந்தப் பொந்துக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னோம். பேசிப் புரியாதது கையை விட்டதும் புரிந்தது. கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தொகையில் ஒரு பகுதி, கருவேல மரம் வெட்டி விற்றதில் வந்த ஊர்ப்பொதுப்பணம், இரு பக்கமும் சமமான தலைக்கட்டு வரி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது என்று நான்கு வழியாகச் சேர்த்தோம். தொகையை ஒருவர் கணக்கில் வைக்காமல், விவசாயி ஒருவரும் மீனவர் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டும் எடுக்கும்படி கூட்டுக்கணக்கில் போட்டோம். விதவைகளும் நிலமும் படகும் இல்லாதவர்களும் வரியில் இல்லை, அவர்களில் உழைப்பாகத் தர முன்வந்தவர்களைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். இந்தப் பகுதியை ஊரே மெச்சும்படி செய்தது நான் பார்த்ததில் அந்த ஆத்தாதான். வீடு வீடாகப் போய் வசூலித்தவர் அவர்.

16.08.2024

நேற்றுக் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டோம். தீர்மானத்தின் சொற்கள் முக்கியம். "மடையைச் சீர் செய்ய வேண்டுகிறோம்" என்ற வரி எங்கும் போகாது. எங்கள் தீர்மானத்தில் புல எண், கண்மாயின் பெயர், ஆயக்கட்டுப் பரப்பு, பொறுப்பான அலுவலகம், கேட்கப்படும் பணி, ஊர் தரும் பங்கு, கரைச் சாலையைப் பயன்படுத்தும் குடியிருப்பு ஆகியவை இருக்கின்றன. கீழே கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நகலை ஊராட்சிச் செயலரிடம் அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த நகலோடு பேசினால், பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். வெறும் மனுவோடு பேசினால் பரிசீலிக்கப்படும் என்ற சொல்லோடு திரும்ப வேண்டியதுதான்.

05.09.2024

ஒன்றியத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து அளவெடுத்துவிட்டார். மதிப்பீடு தயாராகும்போது ஊர் சார்பில் நாங்கள் வற்புறுத்தியவற்றை எழுதுகிறேன், ஏனென்றால் மதிப்பீட்டில் ஏறாத எதுவும் வேலையில் வராது.

முதலாவது, குழாயின் தரம். ஹியூம் குழாய் எனப்படும் கான்கிரீட் குழாய்களில் என்.பி.2, என்.பி.3, என்.பி.4 என்று வகைகள் உண்டு. என்.பி.2 இலகுவான போக்குவரத்துக்கு, என்.பி.3 நடுத்தரத்துக்கு, என்.பி.4 கனரக வண்டிகளுக்கு. எங்கள் கரையில் முன்பு பதித்தது என்.பி.2. அதைப் பதித்த காலத்தில் மாட்டு வண்டியும் டிராக்டரும் போன பாதை அது. இன்று ஐஸ் ஏற்றிய லாரி போகிறது. குழாய்க்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் மண் இருக்க வேண்டும் என்பதும் அன்று கவனிக்கப்படவில்லை.

இரண்டாவது, குழாய்க்கு வெளியே தண்ணீரை மறிக்கும் தடுப்பு. இதுதான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைப்பது. இரு முனையிலும் தலைச்சுவரும் இறக்கைச் சுவரும் கட்டினால் பார்க்க முழுமையாக இருக்கும். ஆனால் அந்தச் சுவர்கள் தளத்துக்குக் கீழே கெட்டியான களிமண் வரை இறங்காவிட்டால் தண்ணீர் அடியில் நுழைந்து மறுபுறம் வந்துவிடும். தளத்தின் விளிம்பில் கீழ்நோக்கி இறங்கும் தடுப்புச்சுவர், கரையின் நடுவில் குழாயைக் கழுத்துப்பட்டைபோல் சுற்றிக் கட்டும் கான்கிரீட் வளையம், அதைச் சுற்றிக் கைஇடியால் இறுக்கிய நல்ல களிமண், இவை மூன்றும் மதிப்பீட்டில் தனித்தனி இனங்களாக வர வேண்டும் என்று கேட்டோம். குழாயின் வளைவுக்குக் கீழே மண் இடிக்க முடியாது என்று முன்பு எழுதினேன் அல்லவா, அதற்கும் விடை உண்டு. குழாயின் அடிப்பாதியைக் கான்கிரீட் தொட்டிலில் உட்கார வைத்துவிட்டால் அந்தத் தளர்வு ஏற்படவே இடமில்லை.

மூன்றாவது, உப்பு. கடற்காற்றும் உவர்மண்ணும் உள்ள நம் கரையில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குக் குளோரைடுதான் எமன். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்த்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தரக்கட்டுப்பாடு சொல்கிறது, கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை போகலாம். பக்கத்து உவர்க் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுக் கலந்தால் வேலை முடிந்த சில ஆண்டுகளில் சுவர் உதிரும். நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவரும் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொன்னோம். மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

03.10.2024

இந்த மழைக்கு முன் கட்டுமானம் நடக்காது என்பது உறுதியாகிவிட்டது. புழுதி விதைப்பு முடிந்து நெல் முளைத்து நிற்கிறது. இந்தக் கட்டத்தில் கரையைத் திறந்து போடவும் முடியாது. பொந்தின் உள்வாயைக் களிமண்ணால் இறுக்கி, கனரக வண்டிகள் கரைமேல் ஏறாதபடி இரு முனையிலும் பனந்தடி நட்டிருக்கிறோம். மண்மூட்டைகளைக் கரையோரம் அடுக்கியாகிவிட்டது. உங்கள் ஊரிலும் குறைந்தது இதையாவது செய்துவிடுங்கள், ஐப்பசி பிறக்க இன்னும் நாள் அதிகமில்லை.

22.11.2024

நேற்று முன்தினம் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் அவ்வளவு இல்லை. ஆனால் எங்கள் கண்மாய் சங்கிலியில் கடைசி. மேலே உள்ள கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்து கலுங்கு (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அத்தனை தண்ணீரும் எங்களிடம் வந்துதான் பாக் விரிகுடாவில் விழ வேண்டும். மாலைக்குள் கண்மாய் நிறைந்துவிட்டது.

இருட்டிய பிறகு வயல் பக்கம், குழாய் வாய்க்கு நான்கடி தள்ளித் தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. தெளிந்த கசிவாக இருந்தால் கவனித்துக்கொண்டு இருக்கலாம். இது கலங்கலாக, சாம்பல் நிறமாக, கூடவே நுண்மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. கரைக்குள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். இளைஞர்கள் மூட்டையைப் போட்டு அந்த ஊற்றை அடைக்க ஓடினார்கள். எங்கள் நீர்பாய்ச்சி, வயது எழுபதைத் தாண்டியவர், கையை நீட்டித் தடுத்தார். "அடைக்காதீக தம்பி. அடைச்சா வேற பக்கம் பிச்சுக்கிட்டு வரும். சுத்தி அணை கட்டுங்க, தண்ணி உள்ளயே ஏறட்டும்."

ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கினோம். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, கண்மாய்க்கும் வெளிப்புறத்துக்கும் உள்ள நீர்மட்ட வேறுபாடு குறைந்து, ஊற்றின் வேகம் தணிந்தது. இடுப்பளவுக்கு மூட்டை உயர்ந்தபோது வழிந்த தண்ணீர் தெளிந்துவிட்டது. கசிவு நிற்கவில்லை, நிற்கவும் வேண்டியதில்லை, மண் வருவது நின்றது. அதே நேரத்தில் கண்மாய்க்குள் மீனவர் பிள்ளைகள் மூழ்கி, தார்ப்பாயைக் குழாயின் உள்வாய் ஓரம் விரித்து அதன்மேல் களிமண் மூட்டைகளை இறக்கினார்கள். நீச்சல் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வயல்காரர்களில் அந்த இருட்டில் இறங்கியிருக்கக்கூடியவர் எவருமில்லை. விடியும்வரை இரண்டு குடியிருப்பு ஆட்களும் கரையில் நின்றார்கள். நெல் தப்பியது.

படங்கள் எடுத்து, தேதியோடு ஒன்றியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மறுநாளே அனுப்பியிருக்கிறோம்.

04.01.2025

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் நாளையோடு முடிகிறது. இனி அடுத்த தேர்தல் வரை தனி அலுவலர் நிர்வாகம். உங்கள் ஊரில் தீர்மானம் இன்னும் கையில் வாங்காமல் இருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள், பொதுமக்கள் பங்கு செலுத்திய ரசீதையும் சேர்த்து. புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஊரின் வாய்மொழி வரலாறு தெரியாது, கோப்பில் இருப்பது மட்டுமே தெரியும். கோப்பில் எல்லாமும் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொள்வது நம் வேலை. எங்களுடையதில் புலப்படம் விடுபட்டிருந்தது, சேர்த்தாகிவிட்டது.

02.03.2025

நிர்வாக அனுமதி வந்துவிட்டது. 'நமக்கு நாமே' நிதியில் பாலமும் தடுப்புகளும், நூறு நாள் வேலையில் கரையின் மண்வேலையும். இரண்டுக்கும் ஒரே பொறியாளர் பொறுப்பு என்று ஆணையிலேயே இருக்கிறது. மதிப்பீட்டில் நாங்கள் கேட்ட கழுத்து வளையம் வந்திருக்கிறது, தொட்டில் கான்கிரீட்டும் வந்திருக்கிறது. நல்ல தண்ணீருக்கான செலவை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதை ஊர்க்கணக்கிலிருந்தே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம், சுவர் உதிர்வதைப் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

அறுவடை முடிந்தது. கண்மாயில் மீன்பிடிக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறது, பங்குனி இறுதிக்குள் வற்றிவிடும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும்தான் வேலைக்குக் கிடைக்கும் காலம்.

திருப்பாலைக்குடி வாசகருக்கு: உங்கள் ஊர் ஆயக்கட்டு 40 ஹெக்டேரைத் தாண்டுகிறது என்று 'அ' பதிவேட்டைப் பார்த்து எழுதியிருந்தீர்கள். அப்படியானால் உங்கள் வழி நீர்வளத் துறை, ஒன்றியம் அல்ல. எங்கள் தீர்மானத்தின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அலுவலகத்தின் பெயரை மட்டும் மாற்றுங்கள். வேலை தொடங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். பழைய குழாயை எடுத்தபின், பொந்து எதுவரை போயிருக்கிறதோ அதுவரை கரையை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள், ஒப்பந்தக்காரர் குழாயின் அகலத்துக்கு மட்டும் வெட்டுவார். வெட்டிய பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருந்தால்தான் புது மண் பழைய மண்ணோடு சேர்ந்து இறுகும். களிமண்ணை அரையடிக்கு மேல் ஒரே தடவையில் கொட்ட விடாதீர்கள். கருவேல வேர் ஒன்றுகூட வெட்டுமுகத்தில் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. குழாய் மூடப்படுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூடிய பிறகு அளவுப் புத்தகத்தில் எழுதியதைச் சரிபார்க்க வேறு வழி கிடையாது. எங்கள் கரை திறக்கப்படும் நாளில் வந்து பார்க்க விரும்பினால் சொல்லுங்கள், தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன்.